பறவைக்கும் தட்டுக்கும் ஒரு துப்பாக்கி

1

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் இந்த வருடம் ஒரு புறாவும் இருந்தது. பயப்பட வேண்டாம், உயிருள்ள புறா இல்லை. காபிக்கோப்பைக்கு அடியில் வைக்கும் சாசர் அளவில், ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு. துப்பாக்கி சுடுகிறவர்கள் அதை மண்புறா என்கிறார்கள். அதில் மண்ணும் கிடையாதாம், தாரையும் சுண்ணாம்பையும் கலந்து அழுத்திச் செய்வார்களாம். மண்ணும் இல்லாத, புறாவும் இல்லாத அந்த மண்புறாவுக்கு நான் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்து, ஒரு சாமந்தியும் சூட்டினேன்.

நான் உடுமலைப்பேட்டைக்காரி. கல்யாணமாகிப் புனே வந்தவள். வீட்டுக்காரர் பழனிசாமி இங்கே அரசாங்க வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கத் தோட்டாக்களுக்கு நடுவில் இருந்தவர் ஒரு துப்பாக்கியைக்கூடச் சுட்டதில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் அணுகுண்டு வைத்தால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுவார். விஷ்ராந்த்வாடியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. ஒரே மகள் கயல்விழி, ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை. ரோஜ் போய்வர முடியாதென்று வாகட்டில் தோழிகளோடு ஃபிளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாள். பாருங்கள், தினமும் என்று எழுத உட்கார்ந்து ரோஜ் என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், அடித்துத் திருத்தவில்லை. இத்தனை வருடத்தில் என் தமிழும் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்திருக்கிறது.

ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பி மனைவி கேட்பாள்: "புனே என்னங்க்கா, வெளிநாடா? ஒரு ராத்திரி ரயிலேறுனா வந்துர்லாமில்ல?" ஒரு ராத்திரியில் வந்துவிட முடியாது என்பது ஒருபுறம் இருக்க, பாஸ்போர்ட் கேட்பதில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். மற்றதெல்லாம் வெளிநாடுதான். பால்காரரிடம் ஒரு மொழி, வங்கியில் ஒரு மொழி, மகளிடம் எல்லா மொழியும் கலந்து ஒரு மொழி.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆயுத பூஜையில் வைத்த பொருளை அன்று யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் இன்னொரு முறை சூடம் காட்டி எடுத்து, அதை அதன் வேலைக்கு ஒருமுறையாவது பயன்படுத்திவிட வேண்டும். புத்தகமென்றால் ஒரு பக்கம் படிக்க வேண்டும். அரிவாள்மனை என்றால் ஒரு காயாவது நறுக்க வேண்டும். அந்தத் தட்டைத் தூக்கிச் சாமி முன்னால் வைத்தபோது எனக்கு முதல் பாதி மட்டும்தான் நினைவில் இருந்தது. இனி இதை யாரும் தொட முடியாது என்று ஒரு திருப்தி. மறுநாள் ஒன்று இருப்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

2

கயலுக்கு இந்தப் பித்து பிடித்தது ஆபீஸ்காரர்கள் ஏதோ உல்லாசப் பயணம் என்று கூட்டிக்கொண்டு போன இடத்தில். ஆளுக்கு ஒரு முறை சுடக் கொடுத்திருக்கிறார்கள். இவள் சுட்ட முதல் தட்டே தூளாகியிருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே அதைப் பற்றிப் பேசினாள். பிறகு ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சுடுதளத்தில் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் பழைய காரில் மூன்று பேரும் போவோம். அவள் சுட, அவர் காதைப் பொத்த, நான் வேடிக்கை பார்க்க.

வேடிக்கை என்றா சொன்னேன்? எனக்கு அது ஒரு கனவு மாதிரி. மழைக்காலம் முடிகிற நாட்களில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மலை பச்சையாகக் கிடக்கும், பாதி மலை மூடுபனிக்குள் இருக்கும். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு டீ டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். முன்னால் ஒரு குழி, அதற்குள் தட்டை எறியும் இயந்திரம். சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, கன்னத்தை அதன் மேல் சாய்த்து, "புல்!" என்று குரல் கொடுப்பார், இங்கிலீஷில் இழு என்று அர்த்தம். பின்னால் நிற்கிற ஆள் பொத்தானை அழுத்துவார். தட்டு குழியிலிருந்து எழும்பிப் பனிக்குள் போகும். ஒரு நொடிக்குள் வெடிச்சத்தம். தட்டு இருந்த இடத்தில் ஆரஞ்சுப் புகை.

சில தட்டுகளில் அடி படாது. அவை அவசரமே இல்லாமல் மிதந்து, தாழ்ந்து, தூரத்துப் புல்லில் போய் உட்காரும். எனக்கு அவற்றைத்தான் பிடிக்கும். மகளிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் எந்தத் தாய் இப்படி வேண்டிக்கொள்வாள் என்று கேட்பாள். டீ ஆறிப்போகும்வரை அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனசும் அங்கே போய் உட்கார்ந்துவிடும்.

கிளப் துப்பாக்கியில் சுட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சொந்தத் துப்பாக்கி ஆசை வந்தது. ஆசைப்பட்டால் போதுமா? லைசென்ஸ் வேண்டும். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும், சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த ஆபீஸில் முகவரிச் சான்று கேட்டார்கள். கொண்டுபோனால் அந்த ஆபீஸில் கிளப் சான்று கேட்டார்கள். அதைக் கொண்டுபோவதற்குள் முதலில் கொடுத்த சான்று பழசாகிவிட்டது என்றார்கள். கடைசியில் விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கே வந்தார். நான் ஃபில்டர் காபி கொடுத்தேன். சொந்த ஊர் எது என்றார். உடுமலைப்பேட்டை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சென்னை என்று எழுதிக்கொண்டார்.

"ஷிகார் வகைரே?" என்று கேட்டார். வேட்டை கீட்டை உண்டா என்று அர்த்தம்.

வீட்டுக்காரர் ஆலையில் கற்ற மராட்டியில் பாய்ந்து பதில் சொன்னார்: "நாஹி சாஹேப்! ஃபக்த தாட்லி!" இல்லை ஐயா, தட்டு மட்டும்தான் என்கிறார். இந்த ஊர் மராட்டியில் தாட்லி என்றால் சோறு தின்கிற தட்டு. போலீஸ்காரர் திரும்பி எங்கள் சமையலறையை ஒரு பார்வை பார்த்தார். எவர்சில்வர் தட்டுகள் வரிசையாக நின்றன. கயல் சிரிப்பை அடக்க முடியாமல் பால்கனிக்கு ஓடினாள். எப்படியோ லைசென்ஸ் வந்தது.

3

லைசென்ஸ் வந்த பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. எந்தத் துப்பாக்கி?

நானும் கேட்டுக் கேட்டுப் பாதி நிபுணியாகிவிட்டேன். இரட்டைக் குழல் என்றால் நாம் ஊரில் பார்த்த மாதிரி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒரு வகை. ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது இன்னொரு வகை. தட்டு சுடுகிறவர்கள் மேலும் கீழுமாக இருப்பதைத்தான் விரும்புகிறார்கள், பார்வைக்கு ஒரே கோடு கிடைக்குமாம். ஒரே குழலில் தானாகவே அடுத்த தோட்டா ஏறிக்கொள்கிற வகையும் உண்டு. அது தோளில் மெதுவாக உதைக்கும், ஆனால் காலித் தோட்டாவைப் பக்கத்தில் நிற்கிறவர் மூஞ்சியில் எறியும்.

"அவ வேண்டாம்மா, மேனர்ஸ் இல்ல" என்றாள் கயல்.

இந்தியிலும் மராட்டியிலும் துப்பாக்கி பெண்பால். அதனால் என் மகளுக்குத் தமிழிலும் அது 'அவள்'தான். 'அவ ரொம்ப கனமா இருக்கா', 'அவ தோளுக்கு செட் ஆகல' என்றெல்லாம் பேசுவாள். முதலில் திருத்திப் பார்த்தேன். பிறகு எனக்கே அது பழகிப்போய், ஏதோ வீட்டுக்கு மருமகள் பார்க்கிற மாதிரி இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், தட்டுக்கென்றே செய்த துப்பாக்கி கனமாக, நீளமாக இருக்கும். கனமாக இருந்தால் உதை குறைவு, நாள் முழுக்க நின்று சுடலாம். பறவைக்கென்று செய்தது இலேசாக இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு வரப்பும் மேடுமாக நடக்க வேண்டுமே, அதற்காக. அதில் உதை கொஞ்சம் கூடுதல். தட்டு எப்போதும் மேல் நோக்கித்தான் எழும்பும், அதனால் அதற்கான துப்பாக்கி கொஞ்சம் மேலேயே அடிக்கிற மாதிரி செய்திருப்பார்கள். பறவை அப்படியா? அது இஷ்டத்துக்குப் பறக்கும்.

கயல் எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள். "இது பறவைக்கும் ஆகுமா?"

"ரெண்டுக்கும் ஒண்ணேன்னா ரெண்டுக்கும் அரைகொறையாத்தான் இருக்கும் கண்ணு" என்றார் அவர்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். "ஏனுங்க, இட்லிக்கும் தோசைக்கும் தனித்தனியாவா ஆட்டறேன்? ஒரே மாவுதான? மொதல்ல ரெண்டு நாளைக்கு இட்லி, பொறவு சித்தெ தண்ணி ஊத்தி தோசை. எவளாச்சும் கொறை சொல்லியிருக்காளா?"

கயல் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அம்மா, எக்ஸாக்ட்லி! சோக்!" என்றாள். சோக் என்பது குழல் முனையில் திருகிப் போடுகிற ஒரு சின்னக் குழாய். வாய் குறுகலானதைப் போட்டால் குண்டுகள் சிதறாமல் தூரம் போகும். அகலமானதைப் போட்டால் பக்கத்திலேயே விரியும். துப்பாக்கி ஒன்றுதான், முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். நான் தண்ணீர் ஊற்றுகிறேன், அவர்கள் குழாய் மாற்றுகிறார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஆகிற துப்பாக்கிக்கு மாவு என்று பெயர். தேடித் தேடி இரண்டு மாவுகளில் வந்து நின்றோம். ஒன்று கனமானது, தட்டுக்கு ராணி, பறவைக்கும் சமாளிக்கும். மற்றது இலேசானது, பறவைக்கு ராணி, தட்டுக்கும் சமாளிக்கும்.

4

கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய துப்பாக்கிக் கடை இருக்கிறது. தோளில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று ஒரு சனிக்கிழமை காலையில் மூவரும் போனோம். நகைக்கடையில் காட்டுவது போலக் கடைக்காரர் பச்சைத் துணி விரித்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். வயசானவர், சாந்தமான முகம். கயல் ஒன்றைத் தூக்கிக் கன்னத்தில் பொருத்தி, சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைக் குறிபார்த்தாள். தோளில் பொருத்தும் கட்டை கொஞ்சம் நீளம், பெண்களுக்கு அறுத்துக் குறைக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். பிறகு எதற்கு என்று கேட்டார், டிராப்பா, ஸ்கீட்டா? இரண்டும் தட்டு சுடுவதில் வகைகள்.

"டிராப். ப்ளஸ் பறவைக்கும்" என்றாள் இந்தியில்.

அவர் சிரித்தார். "பேட்டீ, யஹான் பரிந்தா கௌன் மாரேகா? ஜேல் ஜானா ஹை க்யா?" இங்கே பறவையை யாரம்மா சுடுவது, ஜெயிலுக்குப் போகவா என்று கேட்டுவிட்டு, அதே சிரிப்போடு அடுத்த துப்பாக்கியை எடுக்கத் திரும்பினார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதில் இருந்தே எதையாவது மறைத்தால் அவளுக்குக் காதுதான் சிவக்கும்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த நாட்டில் பறவையைச் சுட முடியாது என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வேட்டைக்கு இல்லை என்று கையெழுத்துப் போட்டுத்தானே லைசென்ஸ் வாங்கினாள். இத்தனை நாளும் மேசையில் 'பறவைக்கும் ஆகுமா, பறவைக்கும் ஆகுமா' என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, அந்தப் பறவை எந்த ஊரில் பறக்கிறது? நான் ஒரு முறையாவது கேட்டேனா? மாவுக் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எதையும் வாங்காமல் வெளியே வந்தோம். பக்கத்து இரானி ஹோட்டலில் பன் மஸ்காவும் சாயும் சொல்லிவிட்டு, நேராகவே கேட்டேன்.

"எந்த ஊரு கண்ணு?"

"நியூசிலாந்து" என்றாள். பன்னைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "மழை ஸ்டார்ட் ஆனப்பவே அங்க ஜாப் ஆஃபர் வந்துச்சும்மா. சொல்லணும்னு ரொம்ப ட்ரை பண்ணேன். தமிழ்ல எப்டி ஸ்டார்ட் பண்றதுன்னே வரல. துப்பாக்கிப் பேச்சுல அப்டியே சொல்லிட்டா ஈஸியா இருக்கும்னு... அங்க கிளப் இருக்கு. வாத்து சீசன் இருக்கு. லீகல்."

"அப்ப இங்க எதுக்குடா லைசென்ஸு, இத்தன அலைச்சலு?" என்றார் அவர்.

"அது முன்னாடியே அப்ளை பண்ணதுப்பா. அவங்க லேட்டா குடுத்தா நான் என்ன பண்ண? துப்பாக்கி அங்க போய்த்தான் வாங்கணும். அங்க வேற லைசென்ஸ்."

"வாத்துக் கறி திங்கறதுக்கு அவ்வளவு தூரம் போகோணுமா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் தலையை நிமிர்த்தினாள். "நீ வேண்டாம்னா போகலம்மா. நெஜமா. தசரா முடிஞ்சதும் அவங்களுக்குப் பதில் போடணும். நீ சொல்லு."

இதற்கு அவள் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கலாம். நான் அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், பிறகு ஊறுகாய் போட்டிருப்பேன். முடிவைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாளே. வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வாகட்டில் இருந்து சனிக்கிழமை தோறும் அவளும் அழுக்குத் துணியும் வழக்கம்போல வந்துகொண்டே இருக்கும். அந்தச் சொல் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

5

அதன் பிறகு துப்பாக்கியைப் பற்றி நான் பேசவில்லை. அவள்தான் வாகட்டில் இருந்து போன் செய்து கேட்பாள். "அம்மா, எது? கனமானவளா, லேசானவளா?" அவள் கேட்பது துப்பாக்கியை இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "மாவு இன்னும் பொங்கலை" என்று போனை வைத்துவிடுவேன்.

வீட்டுக்காரருக்கு வேறு வழி தெரியாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் எதையாவது கழற்றிப் பூட்டுவார், இல்லாவிட்டால் எதையாவது படிப்பார். "ராஜீ, அங்க வாத்துக்கு ஈயக் குண்டு கூடாதாம். தண்ணி கெட்டுப்போயிருமாம். இரும்புக் குண்டுதானாம். பழைய துப்பாக்கின்னா கொழலு தாங்காது, புதுசாத்தான் பாக்கோணும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கிரைண்டரை ஓடவிட்டு அவர் குரலை மூழ்கடித்தேன்.

அந்த ஈயக் குண்டு மட்டும் காதில் நின்றுவிட்டது.

எங்கள் அப்பா உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் வைத்திருந்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தோட்டத்துக்காரர்கள் சிலர் சாக்குப்பையில் கௌதாரி கொண்டுவந்து கொடுப்பார்கள். கூடாதென்று சட்டம் வந்திருந்தது. ஆனால் அந்த மெஸ்ஸில் சாப்பிட்ட போலீஸ்காரர்களும் ஒன்றும் கேட்டதில்லை. கௌதாரி வறுவலை அவசரமாகக் கடித்தால் பல்லில் 'டிக்' என்று ஈயக் குண்டு படும். எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிட்டு மறுபடி சாப்பிட வேண்டும். நான் சமையலில் நிற்கும்போது இன்றும் சில நேரம் அந்தச் சத்தம் பல்லில் கேட்கிறது, காரணமே இல்லாமல்.

கல்யாணம் முடிந்து நான் புனேவுக்கு ரயிலேறிய அன்று அப்பா கோயமுத்தூர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அம்மா அழுதாள், அத்தைகள் அழுதார்கள், புத்தி சொன்னார்கள். அப்பாவோ வண்டி நகரும்போது ஜன்னல் கம்பி வழியாக வாழையிலைப் பொட்டலம் ஒன்றை உள்ளே தள்ளினார். வறுவல். எங்கே பிடித்தார், யாரிடம் சொல்லி வைத்தார் என்று தெரியாது, அதெல்லாம் கிடைக்காமல் போய்விட்ட காலம் அது. கூடவே நடந்து வந்து சொன்னார்: "குண்டு இருக்கும், பாத்துக் கடி."

அவ்வளவுதான். குண்டக்கல் தாண்டி எங்கேயோ, வெளியே ஒரே வெயிலும் பாறையுமாக இருந்தபோது பொட்டலத்தைப் பிரித்தேன். பார்த்துத்தான் கடித்தேன், அப்படியும் பல்லில் பட்டது. அப்போதுதான் அழுதேன். புதுப் புருஷன் பதறிப்போய்ப் பல் உடைந்துவிட்டதா என்று கேட்டார்.

அப்பா என்னைப் போகாதே என்று சொல்லியிருந்தால்? சொல்லமாட்டார். எனக்கு இப்போது அந்த மனுஷன் மீது பொறாமையாக இருக்கிறது. எப்படி முடிந்தது அவருக்கு?

6

ஆயுத பூஜைக்குக் கயல் லேப்டாப்போடு வந்தாள். பையில் இருந்து அந்த ஆரஞ்சுத் தட்டையும் எடுத்தாள். கிளப் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, அதனால் இதை வைக்கட்டுமா என்றாள். நான் வாங்கிச் சாமி முன்னால் வைத்தேன். பொரிகடலை, சுண்டல், தேங்காய், சூடம். மகளின் லேப்டாப்புக்கும் பொட்டு. கைகூப்பிக் கண்மூடி நின்றபோது நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்கிறேன். இந்தத் தட்டு இங்கேயே இப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கல்யாணமாகித் தானும் ஊரைவிட்டு வந்த பெண் வேண்டுகிற வேண்டுதலா இது என்று கேட்காதீர்கள்.

மறுநாள் விஜயதசமி. இங்கே அதுதான் தசரா, பெரிய நோம்பி. மராட்டியர்கள் ஆயுதங்களுக்குப் பூஜை செய்வது அன்றைக்குத்தான். காலையில் மறுபூஜை முடித்து நான் அரிவாள்மனையில் ஒரு வாழைக்காய் நறுக்கினேன். அவர் ஸ்பேனரால் குழாயின் நட்டு ஒன்றைத் தேவையில்லாமல் முறுக்கினார். கயல் லேப்டாப்பைத் திறந்து மூடினாள். பிறகு மூன்று பேரும் தட்டைப் பார்த்தோம்.

"அது கெடக்கட்டும். சாமிகிட்ட வெச்சதை உடைக்கக் கூடாது" என்றேன்.

"அம்மா, நீதான சொல்வே, வெச்சது எல்லாத்தையும் யூஸ் பண்ணணும்னு. இல்லன்னா சாமிக்கு வெச்சதே வேஸ்ட்டுன்னு. நான் ஸ்கூல்ல படிக்கறப்ப மேத்ஸ் புக்கை நான் தொடலன்னு எவ்ளோ திட்டுவே?"

"அது புஸ்தகம்."

"இவளோட வேலை இதுதானம்மா" என்றாள் மெதுவாக.

அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டார்.

வழியெல்லாம் வாசல்களில் மாவிலையும் சாமந்தியும். சுடுதளத்தில் தட்டு எறியும் இயந்திரத்துக்கும் மாலை போட்டிருந்தார்கள். மேசை மேல் துப்பாக்கிகள் குங்குமத்தோடு வரிசையாகப் படுத்திருந்தன. எல்லோரும் ஆப்டா இலையை ஒருவருக்கொருவர் கொடுத்து, "சோனம் க்யா" என்றார்கள். பொன்னை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி இலையைக் கொடுப்பது இங்கே தசரா வழக்கம். என் கையிலும் நிறையப் பொன் சேர்ந்துவிட்டது. பனி அன்றைக்குத் தாழ்வாக இருந்தது. மலையின் உச்சி மட்டும் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது.

கயல் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். குங்குமப் பொட்டைப் பார்த்துவிட்டு, குழிக்குள் இருந்தவர் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு இயந்திரத்தில் வைத்தார். அவள் கிளப் துப்பாக்கியோடு கோட்டில் போய் நின்றாள். தோளில் பொருத்தினாள், கன்னத்தைச் சாய்த்தாள். நான் குரலுக்காகக் காத்திருந்தேன். அவள் தலையைத் திருப்பாமலே சொன்னாள்.

"அம்மா, நீ சொல்லு."

எனக்குப் புரியவில்லை.

"புல் சொல்லும்மா. உன் தட்டு. நீ சொன்னாத்தான் விடுவாங்க."

பொத்தானை வைத்திருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "போலா தாயி" என்றார், சொல்லுங்க அக்கா என்று. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் கையைக் காதுக்குக் கொண்டுபோனவர் பாதியிலேயே நிறுத்தி என்னைப் பார்த்தார். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். ஒரே ஒரு சின்னச் சொல்தான். எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லாவிட்டால் தட்டு குழிக்குள்ளேயே இருக்கும், பொட்டோடும் சாமந்தி வாசனையோடும் பத்திரமாக. அவளும் துப்பாக்கியைத் தோளில் வைத்தபடி அங்கேயே நிற்பாள். கனமான துப்பாக்கி அது. அவள் இடது கை இலேசாக நடுங்குவது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. ஆனாலும் இறக்கவில்லை. எனக்காகத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குக் குரல் வந்தது.

"புல்!"

தட்டு எழுந்தது. பனிக்கு மேலே ஏறி, வெயில் பட்ட இடத்தில் ஒரு நொடி பளிச்சென்றது. அடி படாமல் போய்விடு என்று பழக்கத்தில் மனசு சொன்னது. வெடித்தது. ஆரஞ்சுப் புகை கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, பிறகு காற்றில் சாய்ந்து கலைந்தது. நாலு பேர் கை தட்டினார்கள்.

கயல் துப்பாக்கியை மடக்கித் திறந்து, காலித் தோட்டாவை எடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். கன்னத்தில் கட்டை அழுந்திய சிவப்பு. மருந்து வாசனை. நானாகத்தான் சொன்னேன்.

"லேசானதையே வாங்கு."

"தட்டுக்கு அவ கொஞ்சம் உதைப்பாம்மா."

"உதைக்கட்டும். தோளு தாங்கிக்கும். நாளெல்லாம் தூக்கிட்டு நடக்கப்போறவ நீ, கனத்தைத் தூக்கி என்ன பண்ணப்போறே?"

முகம் மெதுவாக மாறியது. "அம்மா... அப்ப பறவைக்கா?"

"பறவைக்குத்தான்" என்றேன். கையில் இருந்த ஆப்டா இலைகளையெல்லாம் அவள் கையில் வைத்து மூடினேன். ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன், இத்தனை வருடம் சேர்த்துவைத்த புத்தியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வந்தது ஒன்றுதான்.

"அங்க இரும்புக் குண்டாமே. பாத்துக் கடி கண்ணு."